பழைய பேட்டரி எங்கே போகிறது?



நம் ஜெயமங்கலம் பக்கத்திலும் இப்போது சத்தமில்லாத வண்டிகள் ஓடுகின்றன. பெட்ரோல் போட வேண்டாம், வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் போதும், வராக நதிப் பாலம் தாண்டிப் பெரியகுளம் போய்ச் சந்தை பார்த்துவிட்டுத் திரும்பலாம். நம் குழுக்களிலும் மின்ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வருகிறது. பல ஊராட்சிகளில் குப்பை எடுக்கப் பேட்டரி வண்டி வந்திருக்கிறது. அதை ஓட்டுகிறவர்களும் குப்பையைப் பிரிக்கிறவர்களும் பெரும்பாலும் நம் தூய்மைக் காவலர் சகோதரிகள்தான்.

வண்டியின் விலை என்ன, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும், மானியம் உண்டா என்று எல்லோரும் கேட்கிறோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த வண்டியின் பேட்டரி உயிர் விட்ட பிறகு எங்கே போகும்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஏனென்றால் அது போய்ச் சேருகிற இடம் நம் வீட்டுக் கொல்லையாகவோ, கண்மாய்க் கரையாகவோ இருந்துவிட்டால், பாதிப்பு முதலில் நம் பிள்ளைகளுக்குத்தான்.

இரண்டு வகை பேட்டரி

பேட்டரி என்று ஒரே பெயரில் சொன்னாலும், வண்டிகளில் இருப்பது இரண்டு வகை.

ஒன்று ஈய பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டர், டிராக்டர், ஜீப், பழைய மாடல் பேட்டரி ஆட்டோ ஆகியவற்றில் இருப்பது இது. கனமாக இருக்கும். அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். உள்ளே கந்தக அமிலம் இருக்கும். அதைத்தான் நாம் பேட்டரி தண்ணி, ஆசிட் என்று சொல்கிறோம்.

மற்றொன்று லித்தியம் பேட்டரி. நம் செல்போனில் இருப்பதும் இதே சாதிதான். 1991-ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்து வளர்த்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்றைய மின்ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இதுதான். உள்ளே பென்டார்ச் கட்டை மாதிரி சின்னச் சின்ன செல்கள் பல சேர்ந்து ஒரே பெட்டியாக இருக்கும். ஒரு ஸ்கூட்டர் பேட்டரி 2 முதல் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும்.

இரண்டிலும் சிக்கல் இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி சிக்கல் இல்லை. ஈய பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு, அதனால் ஆளுக்கு ஆள் உடைக்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்கு அங்கே விலை இல்லை, அதனால் யாரும் தொடுவதில்லை, குப்பையோடு குப்பையாகப் போகிறது. ஒன்று காசு இருப்பதால் கெடுக்கிறது, மற்றொன்று காசு இல்லாததால் கெடுக்கிறது.

ஈயம்: காசு பார்க்கப் போய்ப் பிள்ளையை இழந்த ஊர்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஈயத்துக்கு அன்றும் மதிப்பு, இன்றும் மதிப்பு. ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் திரும்பப் பயன்படும். முறையான ஆலையில், புகையை வடிகட்டி, அமிலத்தைச் சுத்தம் செய்து உருக்கினால் அது நல்ல தொழில். கொல்லைப்புறத்தில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, அடுப்பு மூட்டி உருக்கினால் அது விஷத் தொழில்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாடு. அதன் தலைநகர் டக்கார். அதன் அருகில் தியாரோய் என்ற ஊரில் பல வருடங்களாகப் பழைய பேட்டரியைத் திறந்த வெளியில் உடைத்து வந்தார்கள். அந்த மண்ணெல்லாம் ஈயத்தூள். 2007-ல் ஈயத்தின் விலை ஏறியது. அந்த மண்ணைத் தோண்டிச் சலித்தால் ஈயம் கிடைக்கும், காசு பார்க்கலாம் என்று தெரிந்தது. நம்மைப் போல அன்றாடப் பாடு பார்க்கும் பெண்கள்தான் அந்த மண்ணை அள்ளினார்கள். சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டு வந்து முற்றத்தில் சலித்தார்கள். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடின.

2007 நவம்பரில் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோயின. வலிப்பு வந்து, மயங்கி விழுந்து, என்ன நோய் என்று தெரிவதற்குள் போய்விட்டன. உலக சுகாதார நிறுவனம் வந்து சோதித்தபோது, உயிரோடிருந்த பிள்ளைகளின் ரத்தத்திலும் தாய்மார்களின் ரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அந்தத் தாய்மார்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நாம் சொல்லிக்கொள்வோம். ஈயம் உடம்புக்குள் போக, தின்ன வேண்டும் என்று இல்லை. புகையாக மூச்சில் போகும். தூளாகக் கையில் ஒட்டிச் சோற்றில் போகும். பேட்டரி உடைக்கிறவரின் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும். ஈயத்தூள் கலந்த மண் லேசாக இனிக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கும். பிள்ளைகளின் குடல் பெரியவர்களை விட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். ரத்தசோகை, வயிற்றுவலி, படிப்பில் மந்தம், காரணமில்லாத எரிச்சல் என்று மெதுவாகக் காட்டும். "பிள்ளை சோம்பேறி" என்று திட்டிக்கொண்டிருப்போம், உள்ளே ஈயம் வேலை செய்துகொண்டிருக்கும். உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கி, பெண் கர்ப்பமாகும்போது வெளிவந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஈயத்தில் ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது எங்கோ ஆப்பிரிக்கா சங்கதி என்று விட்டுவிட முடியாது. 2020-ல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகவும், அவர்களில் மிக அதிகம் பேர் இந்தியாவில் இருப்பதாகவும் சொன்னது. ஈயம் வரும் வழிகளில் முக்கியமானது, முறையில்லாமல் பேட்டரி உடைப்பது.

லித்தியம்: வாங்க ஆளில்லாத பொருள்

லித்தியம் பேட்டரியில் ஈயம் இல்லை. ஆனால் அதற்குள் மின்சாரம் மிச்சம் இருக்கும். "வண்டி ஓடலை, பேட்டரி செத்துப் போச்சு" என்று நாம் சொல்லும்போதும் அது முழுதாகச் செத்திருக்காது. குத்தினாலோ, நசுக்கினாலோ, இரண்டு முனையும் கம்பியில் பட்டாலோ உள்ளேயே சூடு ஏறும். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவும். அடுப்பில் வைத்த பட்டாசுச் சரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும். அணைந்த மாதிரி தெரிந்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அந்தப் புகையும் விஷம்.

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் புகை சூழ்ந்து, ஒரு தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். அது வாங்கிச் சில நாட்களே ஆன வண்டி. அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகு, 2022 டிசம்பரில் இருந்து பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. புது வண்டிக்கே இந்தக் கவனம் வேண்டும் என்றால், அடிபட்டு, உப்பி, குப்பையில் கிடக்கும் பழைய பேட்டரிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! குப்பை வண்டியில் கையால் அள்ளிப் போடுகிற நம் சகோதரியை நினைத்துப் பாருங்கள்.

மறுசுழற்சி எப்படி நடக்கிறது?

முறையான ஆலையில் முதல் வேலை, பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிப்பது. பிறகு பெட்டியைப் பிரித்து இரும்பு, அலுமினியம், செம்பு, பிளாஸ்டிக் தனித்தனியாக எடுப்பார்கள். செல்களைக் காற்றுப் புகாத எந்திரத்தில் போட்டு அரைப்பார்கள். கடைசியில் கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் பொடி கிடைக்கும். விலை மதிப்பெல்லாம் அதில்தான். லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீசு எல்லாம் அந்தப் பொடியில் கலந்திருக்கும். அந்தப் பொடியை அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். சில நாடுகளில் பெரிய உலையில் உருக்கியும் எடுக்கிறார்கள். உருக்கும் முறையில் லித்தியம் கசடோடு போய்விடும்.

இவ்வளவு பாடு எதற்கு? லித்தியத்துக்கும் கோபால்ட்டுக்கும் நம் நாடு வெளிநாட்டை நம்பித்தான் இருக்கிறது. உலகில் தோண்டும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் கிடைக்கிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறு பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். பழைய பேட்டரியில் இருந்து எடுத்தால் அந்த அளவுக்குப் புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை.

நம் பக்கத்து காரைக்குடியிலேயே, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டுக்கே பெயர் பெற்ற இடம் அது. படித்துக்கொண்டிருக்கும் நம் பெண் பிள்ளைகள் வேதியியல் படித்தால் அந்த வாசலுக்குப் போகலாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அப்புறம் எங்கே சிக்கல்?

1. சேர்த்துக் கொடுப்பதுதான் முதல் சிக்கல். பேட்டரி ஊர் ஊராக, வீடு வீடாகச் சிதறிக் கிடக்கிறது. பெயர் பெற்ற ஆலைகள் சில உத்தராகண்டின் ரூர்க்கியிலும் டெல்லி பக்கத்து நொய்டாவிலும் இருக்கின்றன. தேனியில் இருந்து 2,500 கிலோமீட்டருக்கு மேல். தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் சாதாரண லாரியில் வாழைத்தார் ஏற்றுவது போல ஏற்ற முடியாது. தனிப் பெட்டி, தனிப் பாதுகாப்பு வேண்டும். பேட்டரியில் கிடைக்கும் காசில் பெரும் பங்கு வண்டி வாடகைக்கே போய்விடும்.

2. எல்லா லித்தியம் பேட்டரியும் ஒன்றில்லை. சிலவற்றில் நிக்கலும் கோபால்ட்டும் இருக்கும், அதற்கு விலை உண்டு. சிலவற்றில் இரும்பும் பாஸ்பேட்டும்தான் இருக்கும். இது சூட்டைத் தாங்கும், பல வருடம் உழைக்கும், பயன்படுத்துகிற நமக்கு நல்லது. ஆனால் பிரித்தெடுத்தால் பெரிய காசு கிடைக்காது. அதனால் ஆலைக்காரர்களுக்கு இதில் ஆர்வம் குறைவு.

3. கம்பெனிக்குக் கம்பெனி பெட்டியின் அமைப்பு மாறுகிறது. பசை போட்டு ஒட்டி, வெல்டு வைத்துவிடுகிறார்கள். திறப்பதே பெரிய வேலை. ஐரோப்பிய நாடுகள் 2023-ல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு மின்வண்டி பேட்டரிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு பாஸ்போர்ட் வேண்டும்.

4. ஆலையிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பெரிய லித்தியம் பேட்டரி மறுசுழற்சி ஆலை 2024 அக்டோபர் 30 அன்று எரிந்தது. பக்கத்தில் குடியிருந்தவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். வசதியுள்ள நாட்டிலேயே இப்படி என்றால், தகரக் கொட்டகையில் சுத்தியலால் உடைப்பதை என்ன சொல்ல!

5. இரண்டாம் வாழ்வு. வண்டிக்கு ஆகாத பேட்டரியில் பெரும்பாலும் 70, 80 சதவீதத் திறன் மிச்சமிருக்கும். வண்டிக்குப் போதாது, சூரிய விளக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் போதும். முறையாகச் சோதித்துச் செய்தால் மிக நல்லது. ஆனால் பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இல்லாமல் டேப் சுற்றி, "மலிவு பேட்டரி" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை வீட்டுக்குள் வைப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ல் வந்த பழைய விதி ஈய பேட்டரிக்கு மட்டும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு "பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022" என்று புது விதி போட்டது. லித்தியம் உட்பட எல்லா பேட்டரிக்கும் இது பொருந்தும். முக்கியமானவை:

• பேட்டரியைத் தயாரித்து விற்கும் கம்பெனியே, பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். வித்தோம், கை கழுவினோம் என்று போக முடியாது.
• பேட்டரியை மண்ணில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது.
• மின்வண்டி பேட்டரியில் இருந்து ஆலைகள் திரும்ப எடுக்க வேண்டிய பொருளின் அளவு 2024-25-ல் 70 சதவீதம், 2025-26-ல் 80 சதவீதம், 2026-27 முதல் 90 சதவீதம்.
• பேட்டரி மேல், குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டி படம் இருக்க வேண்டும். "என்னைக் குப்பையில் போடாதே" என்று அர்த்தம். எழுத்து தெரியாதவர்களுக்கும் இந்தப் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.
• நமக்கும் கடமை உண்டு. பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, சேகரிக்கும் இடத்திலோ பதிவு பெற்ற ஆலையின் ஆளிடமோ கொடுக்க வேண்டும்.

2025 செப்டம்பரில், இந்த மாதிரி அரிய உலோகங்களைப் பழைய பொருளில் இருந்து பிரித்தெடுக்கும் ஆலைகளை ஊக்குவிக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆலை பெருகுவது நல்லதுதான். ஆனால் ஆலை வாசலுக்குப் பேட்டரி போய்ச் சேர வேண்டுமே! அந்த முதல் அடி நம் வீட்டில் இருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

வண்டிக் கடன் வாங்கும் முன் கேளுங்கள்

மின்வண்டி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்குத்தான். கடன் தவணை முடியும் முன்னால் பேட்டரி முடிந்துபோனால், தவணையும் கட்ட வேண்டும், புது பேட்டரியும் வாங்க வேண்டும். குடும்பம் தாங்காது. ஆகவே கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்:

• பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்? நம் கடன் தவணைக் காலத்தை விட அது அதிகமா?
• எழுத்தில் தருவீர்களா?
• புது பேட்டரி இன்றைய விலை என்ன?
• பழைய பேட்டரியை நீங்களே திரும்ப எடுப்பீர்களா? எவ்வளவு கழிப்பீர்கள்?
• உள்ளே இருப்பது எந்த வகை லித்தியம்?

கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுத் தலைவிகளும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

• பழைய பேட்டரியை வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத இடத்தில், வைக்கோல் படப்பு, விறகு, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள்.
• வாங்கிய கடைக்கோ, கம்பெனி சர்வீஸ் இடத்துக்கோ திரும்பக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.
• உப்பின, ஒழுகுகிற, அடிபட்ட, வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரிக்கு சார்ஜ் போடாமல், கம்பெனிக்குப் போன் செய்து ஆள் வரச் சொல்லுங்கள்.
• தீப்பிடித்தால் பொருளை எடுக்க நிற்காமல், பிள்ளைகளோடு வெளியே வந்து 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.
• ஆசிட் மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
• வீட்டில் யாராவது பேட்டரி வேலைக்குப் போனால், வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.
• முருங்கைக்கீரை, கேழ்வரகு போன்று இரும்பும் சுண்ணாம்பும் உள்ள சாப்பாடு கொடுங்கள். சத்துக் குறைந்த பிள்ளையின் உடம்பு ஈயத்தை அதிகம் இழுக்கும். ஆனால் இது மருந்து ஆகாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

• செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஆசைப்பட்டு வீட்டில் உடைக்காதீர்கள்.
• ஆசிட்டைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நம் வராக நதியில் கலப்பது வைகைக்குத்தான் போகும்.
• இரவு எல்லோரும் தூங்கும்போது, வாசல் வழியை மறித்து வண்டிக்கு சார்ஜ் போடாதீர்கள்.
• காலி பேட்டரிப் பெட்டியில் தண்ணீரோ தானியமோ வைக்காதீர்கள்.
• கூட்டமைப்பு அலுவலகத்தில் பழைய பேட்டரியைக் குவித்து வைக்க வேண்டாம். நல்ல எண்ணத்தில் சேர்த்தாலும் ஆபத்துதான்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் இன்வெர்ட்டர், பேட்டரி வண்டி இருக்கிறது? போன முறை மாற்றிய பழைய பேட்டரியை யாரிடம் கொடுத்தோம்?
2. ஊருக்குள் எங்காவது பேட்டரி உடைக்கிறார்களா? பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி பக்கத்திலா? முதலில் அவர்களிடமே பேசுவோம். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்காவிட்டால் ஊராட்சியிலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும் மனு கொடுப்போம்.
3. ஊராட்சியின் குப்பை வண்டிகளில் மாற்றிய பேட்டரி எங்கே போனது, பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேட்போம். அந்த வண்டி ஓட்டும் சகோதரிக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா என்றும் சேர்த்துக் கேட்போம்.

பேட்டரி வண்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புகை இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர ஒரு வழி. தாராளமாக வாங்குவோம், ஓட்டுவோம். கடன் வாங்கும் அன்றே அதை எப்படி அடைப்பது என்று யோசிப்பது நம் குழுப் பழக்கம். அதே மாதிரி, பேட்டரி வாங்கும் அன்றே அதை எங்கே திருப்பிக் கொடுப்பது என்றும் கேட்டு வைத்துக்கொள்வோம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.